பாலம் ஏறாத கார்

அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டாம் கியர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். ரயில் பாதைகளுக்கு மேலே போகும் அந்த நீண்ட பாலத்தில், தினமும் காலையில் ஒரு சின்ன வெள்ளைக் கார் இரண்டாம் கியரில் முக்கி முனகி ஏறுவதைப் பார்க்காத ஆளே அந்தப் பக்கம் கிடையாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிப்பார்கள். காருக்குள் இருக்கும் இரண்டு பேருக்கும் அது உறைக்கவே உறைக்காது. பதினாறு வருடப் பழக்கம்.

காரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பாவம், எண்ணூறு சிசி எஞ்சின். டிக்கியிலோ நூற்றறுபது கிலோ இரும்பு. மனிதருடைய வேலை அப்படி. கடை, கிடங்கு, மார்க்கெட் என்று போய் அங்கிருக்கும் தராசுகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறவர். தராசு சரியா தப்பா என்று சொல்ல அவரிடம் சரியான எடைக்கற்கள் வேண்டுமே? ஒவ்வொன்றும் இருபது கிலோவாக எட்டுக் கற்கள். போதாததற்கு, ஒரு மரப்பெட்டி நிறையச் சின்ன எடைகள். அதற்கு அவர்கள் தொழிலில் 'சில்லறை' என்று பெயர்.

இந்தக் கற்களை ராத்திரி காரில் விட்டுவைக்கக் கூடாது என்பது அலுவலக விதி. ஈரம் பட்டால் துரு ஏறும், துரு ஏறினால் எடை மாறும். அதனால் மாலையில் எல்லாவற்றையும் தன் வீட்டு மாடிக்கு ஏற்றி அலமாரியில் பூட்டிவிட்டு, காலையில் மறுபடி இறக்குவார். கைக்கு ஒன்றாக, நான்கு நடை. வேர்வைக் கை பட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத்தான் டிக்கிக்குள் வைப்பார். இருபத்தாறு வருடமாக ஒரு நாளும் இது தவறியதில்லை. அவர் எழுதிய ஒரு சான்றிதழ்கூட இதுவரை பொய்யென்று ஆனதும் இல்லை. கடைக்காரர்கள் காபி வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், காலில் விழுந்துகூடப் பார்த்தார்கள். ஐந்து கிராம் குறைந்தாலும் மனிதர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிடுவார்.

அவர் மனைவி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். கம்பெனி பாலத்துக்கு அந்தப் பக்கம். காருக்குக் கடன் கொடுத்ததும் அந்தக் கம்பெனிதான், ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர்தான் இருந்தது. அந்தப் பெருமையை அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

"என் வண்டியில உங்க இரும்பையும் ஏத்திட்டு வர்றேன் பாருங்க, என்னைச் சொல்லணும். ஒண்ணு அதை இறக்குங்க, இல்ல என்னை இறக்கி விடுங்க."

"ரெண்டுல நீதான் கனம் கம்மி. இறக்கி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"ஆமாமா, எடை போட்டே கட்டிக்கிட்டவர்தானே நீங்க."

அதில் ஓரளவு உண்மை உண்டு. மாதம் பிறந்தால் அவளைத் தராசில் நிற்க வைத்துவிடுவார். கடைசியாக நிறுத்தபோது ஐம்பத்தெட்டு கிலோ நானூறு கிராம்.

பாலம் ஏறுவதற்கு அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. பாலத்தின் அடியில் இருக்கும் பெயின்ட் கடை வந்ததும் அவள் கையை நீட்டி ஏசியை அணைப்பாள். அவர் கியரை இரண்டுக்கு இறக்குவார். உச்சிக்குப் போனதும் அவளே ஏசியைப் போடுவாள். இதற்கு ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிய நாளிலும் பெயின்ட் கடை வந்தால் அந்தக் கை நீண்டுவிடும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், நெஞ்சு என்னவோ மாதிரி இருக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும், போகிற வழியில் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடலாம் என்று வழக்கம்போலக் கிளம்பினார்கள். பெயின்ட் கடை வந்தது. அவள் கை நீண்டது, ஏசி அணைந்தது. டேஷ்போர்டு கடிகாரத்தில் எட்டு நாற்பத்தொன்று. உச்சிக்குப் போனபோது எட்டு நாற்பத்தைந்து. ஏசியைப் போட அவள் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொன்னது நான்கே வார்த்தை. "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாம்."

அந்த டாக்டரைக் குற்றம் சொல்லவில்லை. எல்லா டாக்டரும் சொல்வதுதான். ஆனால் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டாமா? 'கொஞ்சம்' என்று எந்தக் கடைக்காரன் சொன்னாலும் "கொஞ்சம்னா எவ்வளவு?" என்று கேட்டே இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கியவரிடம் போய்ச் சொன்னார். அவர் டாக்டரிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று நிமிடமா, நான்கு நிமிடமா என்பது மட்டும் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

அழுதாரா என்று கேட்டால், இல்லை. மகள் வெளியூரிலிருந்து வந்து பத்து நாள் இருந்து அழுதுவிட்டுப் போனாள். அவர் பதினோராம் நாள் வேலைக்குப் போனார். சமைத்தார், துணி துவைத்தார், கேஸ் பில் கட்டினார். சோற்றில் உப்புப் போட்டோமா இல்லையா என்பது தட்டு காலியாகும் வரைக்கும் அவருக்குத் தெரியாது. கதவிடுக்கில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனது, எப்போது நசுங்கியது என்று நினைவில்லை. மரத்துப்போன கால் மாதிரி ஆளே மரத்துப்போயிருந்தார்.

அந்த மரத்துப்போன ஆள் உயிரோடு செய்த காரியம் ஒன்றே ஒன்று. அலுவலகத்திலிருந்து கூடுதலாக இரண்டு இருபது கிலோ கற்களைக் கேட்டு வாங்கினார். அவற்றை முன்சீட்டில் வைத்தார். சில்லறைப் பெட்டியிலிருந்து ஒரு பத்து, ஒரு ஐந்து, ஒரு இரண்டு, ஒரு ஒன்று, இருநூறு கிராமில் இரண்டு. மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோ நானூறு. பெல்ட்டைப் போட்டு இறுக்கினார். காலை அதே நேரத்தில் பெயின்ட் கடையிலிருந்து உச்சி வரைக்கும் பத்து நாள் ஓட்டிக் கணக்கெடுத்தார். சராசரி மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. நல்ல எஞ்சின் இருந்திருந்தால் ஒன்றரை நிமிடத்தில் ஏறியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் போதாது, நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் பல வருடப் பழக்கம். ஊருக்கு வெளியே, டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. வாய் ஓயாத ஆள். இவர்கள் இரண்டு பேரையும் அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவான். வருடத்துக்கு இரண்டு தடவை சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அண்ணியிடம் பில்லுக்காக வாங்கிக் கட்டிக்கொள்வான். அன்று கார் உள்ளே நுழைந்ததுமே கேட்டான்.

"வாங்கண்ணே, என்ன ஆளையே காணோம்? அண்ணி நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கா," என்றார்.

பழக்க தோஷம், வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன மறு நொடியே திருத்தியிருக்கலாம்தான். ஆனால் அவன் அதற்குள் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டான். குனிந்திருக்கும் முதுகைப் பார்த்து எப்படிச் சொல்வது? அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டார். அந்த அப்புறம் ஒன்றரை மாதம் வரவேயில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

"பெரிய எஞ்சினா? இதுலயா? அண்ணே, எஞ்சினை மட்டும் தூக்கி வெச்சா முடிஞ்சிடுமா? அது இந்த மவுண்ட்ல உட்காராது, வெட்டி வெல்டிங் வைக்கணும். கியர்பாக்ஸ் மாத்தணும். கியர்பாக்ஸ் மாத்தினா ஆக்சில் மாத்தணும். இந்த ரேடியேட்டர் தாங்காது, கொதிச்சுடும். கம்ப்யூட்டர் பெட்டி, ஒயரிங் மொத்தமும் புதுசு. முன்னாடி கனம் கூடிடும், ஸ்பிரிங் மாத்தணும். எல்லாத்துக்கும் மேல, ஓடுறது நிக்கணுமே, பிரேக் மாத்தணும். எஞ்சின் தொண்ணூறாயிரம்னா, அதைச் சுத்தி ஒண்ணே முக்கால் லட்சம். இந்த வண்டியைத் தலைகீழா நின்னு வித்தாலும் எழுபதாயிரம் தேறாது. அந்தக் காசுக்கு நல்லதா ஒரு பெரிய வண்டியே வாங்கலாமே?"

"இந்த வண்டிதான் ஏறணும்."

"அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சு."

"சரின்னுட்டாங்களா? நம்பவே முடியல. நூறு ரூபாய் ஃபில்ட்டருக்கு என்னை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பாங்க."

பணம் எங்கிருந்து வந்தது என்றால், அவள் கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் பணம்தான். அது வங்கியில் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. மகளுக்கு விஷயம் தெரிந்து போனில் கத்தினாள்.

"அம்மா உயிர் போன பணம்ப்பா அது! அதைக் கொண்டுபோய் அந்த ஓட்டை வண்டியில கொட்டுறீங்களா? உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"பாலம் ஏற மாட்டேங்குதும்மா."

"அப்போ பஸ்ல போங்க! என்னப்பா நீங்க..." மேற்கொண்டு பேச முடியாமல் அவள் அழுதாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். என்ன சொன்னால் அவள் அழுகை நிற்கும் என்று ஒரு காலத்தில் அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது ஒன்றும் வரவில்லை.

ஒன்றரை மாதம் வேலை நடந்தது. அலுவலக வேன் வந்து கற்களை ஏற்றிப் போகும், அவர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொள்வார். சாயங்காலம் கொட்டகைக்குப் போய் ஓரமாக ஒரு பழைய டயர் மேல் உட்காருவார். பழைய எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கிய அன்று, அது அந்தரத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டு தொங்கியது. பார்த்தவுடனே "அறுபத்தெட்டு கிலோ" என்றார். மெக்கானிக் சிரித்துக்கொண்டே தொங்கு தராசைக் கொண்டுவந்து மாட்டினான். அறுபத்தெட்டரை. அவளைவிடப் பத்து கிலோதான் கூட, என்று நினைத்தார். அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை.

வேலை முடிந்து சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் சொன்னான். "ஒரே ஒரு விஷயம் பாக்கி. எஞ்சின் நம்பர் மாறிடுச்சு இல்லையா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பதியணும். வண்டி அண்ணி பேர்ல இருக்கு. அவங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அவர் தலையாட்டினார். இது அவர் யோசிக்காத செலவு. எத்தனை தராசைப் பார்த்த மனிதர், இந்த ஒன்றை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. எஞ்சின் மாறினால் சொந்தக்காரி கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரி இல்லையென்றால் அவள் பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுத வேண்டும். அந்தப் பெயர் இன்னும் உயிரோடு இருந்த ஒரே புத்தகம் அதுதான். ரேஷன், பேங்க், கேஸ், எல்லாவற்றிலும் மகள் வந்திருந்தபோதே அடித்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாளே சோதனையை ஆரம்பித்தார். முன்சீட்டில் அதே ஐம்பத்தெட்டு கிலோ நானூறு, டிக்கியில் அதே நூற்றறுபது, அதே நேரம், அதே பெயின்ட் கடை. முதல் நாள் மூன்று ஐம்பது. இரண்டாம் நாள் மூன்று நாற்பத்தெட்டு. மூன்றாம் நாள் நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. ஒரு வாரம் ஓட்டிச் சராசரி போட்டார். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் ஒன்பது நொடி.

மெக்கானிக்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னண்ணே சொல்றீங்க? ஏறலையா? நான் வெச்ச எஞ்சின் ஏறலையா? நாளைக்குக் காலையில நானே உங்க வீட்டுக்கு வர்றேன். கூடவே உட்கார்ந்து பார்த்துடறேன். அப்படியே அண்ணிகிட்ட கையெழுத்தும் வாங்கின மாதிரி ஆச்சு."

அவர் மறுக்காமல் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

சொன்னபடி காலையில் வந்தான். கையில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஃபாரம். "அண்ணி?" என்று மாடியைப் பார்த்தான். "நீ போய் வண்டியில உட்காரு," என்றார். அவன் முன்சீட்டில் போய் உட்கார்ந்தான், ஆகவே அன்று அங்கே கற்கள் வேண்டியிருக்கவில்லை. அவர் வழக்கம்போல மாடியேறி அலமாரியைத் திறந்தார். கைக்கு ஒன்று. பதினெட்டுப் படி. டிக்கி. துணி. மறுபடி மாடி. கடைசிக் கல்லை வைத்து டிக்கியை மூடிவிட்டு வந்து ஸ்டியரிங்கில் கை வைத்ததும் மெக்கானிக் வாயைத் திறந்தான்.

"ஏண்ணே, பதினோரு நிமிஷம்! நானும் போனைப் பார்த்துட்டே இருக்கேன். தினமும் இப்படித்தானா? அண்ணி தினமும் இதே சீட்ல உக்காந்து இதைப் பார்த்துட்டே இருப்பாங்களா? அண்ணி பொறுமைக்கு ஒரு சலாம் போடணும்."

அவர் வண்டியை எடுத்தார்.

பெயின்ட் கடை வந்தது. முன்னால் ஒரு பஸ், அதற்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டி. எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. புது எஞ்சின் உறுமாமல், திணறாமல், ஏசியோடு பின்னாலேயே நகர்ந்தது. மெக்கானிக் முன்கண்ணாடியை நோக்கிக் கையை நீட்டினான்.

"அட, என்னண்ணே நீங்க! முன்னாடி பஸ் போகுது பாருங்க. இந்த நேரத்துல விமான எஞ்சினே வெச்சாலும் இந்த பஸ்ஸைத் தாண்ட முடியுமா? ஞாயித்துக்கிழமை வாங்க, பறக்கும். இதுல எஞ்சின் என்ன பண்ணும்? பழைய எஞ்சினும் இந்த வரிசையிலதான் போயிருக்கும். உங்களுக்கு லேட் ஆகுறது இங்க இல்லண்ணே. வீட்டுல. அந்தப் பதினோரு நிமிஷத்துல நான் ஆஸ்பத்திரி சிக்னலே தாண்டியிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். எந்த ஆஸ்பத்திரி, எதற்காக என்று அவனுக்கு என்ன தெரியும்? பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய கட்டடம் என்றால் அது ஒன்றுதான், அதனால் வாயில் வந்தது.

இருபது தடவைக்குப் பக்கமாக அந்தப் பாலத்தை அளந்த மனிதர் ஒரே ஒரு தடவைகூடத் தன் வீட்டு வாசலை அளக்கவில்லை. கடிகாரத்தைப் பெயின்ட் கடையில்தான் ஆரம்பித்தார். அதற்கு முன்னால் நடந்தது தினமும் நடப்பது, அதற்கு நேரம் உண்டு என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

உச்சியைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார்.

"அவ இறந்துட்டாப்பா," என்றார். "பதினோரு மாசம் ஆச்சு."

மெக்கானிக் சிரிப்பை முடிக்காமல் அப்படியே பார்த்தான். "அண்ணே... நீங்க நல்லா இருக்காங்கன்னு..."

"வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"எப்படிண்ணே?"

"நெஞ்சு வலிக்குதுன்னா. இதே சீட்ல வந்து உட்கார்ந்தா." பின்கண்ணாடியைப் பார்த்தார். "நான் கல்லு ஏத்திட்டு இருந்தேன்."

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும். எட்டும் ஏத்தினேன். துடைச்சேன்."

மெக்கானிக், தான் உட்கார்ந்திருக்கும் சீட்டை விட்டு எழுந்துவிடலாமா என்பது போல நெளிந்தான். கடைசியில் மெதுவாகக் கேட்டான். "அண்ணி ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"ரெண்டாவது நடை வரும்போது பார்த்தேன். வேர்த்துக் கொட்டிட்டு இருந்தா. என்னடி, கிளம்பிடலாமான்னேன். மெதுவா ஏத்துங்க, கைதவறிக் கால்ல போட்டுக்காதீங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லன்னா."

இதைச் சொல்லும்போதும் அவருக்கு அழுகை வரவில்லை. மெக்கானிக்தான் எண்ணெய்க் கறை படிந்த புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, பழைய எஞ்சின் இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறது, திருப்பி வைத்துவிட்டால் கையெழுத்தும் வேண்டாம், புத்தகத்தில் அண்ணி பெயரும் அப்படியே இருக்கும், தன் கூலி ஒரு பைசா வேண்டாம் என்றான். அவர் யோசித்துப் பார்த்தார். அந்த எஞ்சின் மேல் இனி எந்தக் குற்றமும் இல்லை, இந்த எஞ்சினால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. எது இருந்தாலும் ஒன்றுதான்.

"இருக்கட்டும் விடு," என்றார்.

மறு வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தனியாகப் போனார். இறப்புச் சான்றிதழின் நகலை வைத்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா புத்தகத்தைத் திருப்பி, சிவப்பு மையால் அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இவர் பெயரை எழுதினாள். பிறகு எஞ்சின் ஃபாரத்தைத் தள்ளினாள். "ஒரு கட்டம் காலியா இருக்கு பாருங்க சார். எஞ்சின் மாத்தினதுக்குக் காரணம். அதை எழுதிக் கொடுத்துடுங்க."

அவர் பேனாவைத் திறந்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். இருபத்தாறு வருடத்தில் ஆயிரக்கணக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்ட பேனா, ஐந்து கிராம் பொய்க்குக்கூட மூடிக்கொண்ட பேனா.

"பாலம் ஏறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த அம்மா படித்துக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்தினாள்.